கச்சான் காற்றும் டர்போ எஞ்சினும்

திருகோணமலையின் உப்புவெளியில் விடியற்காலையில் கிளப்பிக் கந்தளாய்ப் பக்கம் ஓட்டும்போது நல்ல இழுவை காட்டும் ஒரு டர்போ கார், அதே ஆட்களோடும் அதே சுமையோடும் பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த இழுவையைக் காட்டுவதில்லை. முந்திச் செல்ல மிதித்தால் ஒரு கணம் தயங்குகிறது. ஏற்றத்தில் கியர் இறங்குகிறது. வெயிலுக்கு வண்டி சோர்ந்துவிட்டது என்று ஓட்டுநர்கள் சொல்வது சரிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பதில் போதவில்லை. விடியலில் 26 பாகை செல்சியஸ், பிற்பகலில் 36 பாகை என்று வைத்துக்கொள்வோம். காற்று சூடானால் விரியும். ஒரு லீற்றர் காற்றிலுள்ள ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறையும். பத்துப் பாகைக்கு அந்தக் குறைவு மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நூறு குதிரைவலுவில் மூன்று போனால் மிதிக்கும் கால் அதை உணராது. அதுவும், காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதற்கென்றே ஒரு கருவி இருக்கும் எஞ்சினில், இந்த மூன்று சதவீதத்தை இன்னும் கொஞ்சம் அமுக்கி ஈடுகட்டிவிடலாமே. அப்படியிருந்தும் இழப்பு உணரும்படி இருக்கிறது. மூன்று சதவீதம் எங்கே பெருகுகிறது என்பதுதான் கேள்வி.

இது பணக்காரர்களின் வேகக் கார்களுக்கு மட்டும் உரிய கேள்வியும் இல்லை. இலங்கையில் பெற்றோல் கார்களின் இறக்குமதி வரி பெரிதும் எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. அதனால் 1,000 கனசென்றிமீற்றருக்குள் அடங்கி, அதைவிடப் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும் டர்போ கார்கள் இங்கே நிறைய வந்து சேர்ந்தன: ஹொண்டா சிவிக்கின் ஒரு லீற்றர் வகை, டொயோட்டா ரைஸ், 660 கனசென்றிமீற்றர் டர்போ பூட்டிய வாகன் ஆர் ஸ்டிங்ரே. கடல் தாண்டினால் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் தயாரித்துவந்த வென்யூ காரின் 1.2 லீற்றர் சாதாரண எஞ்சின் ஏறத்தாழ 83 குதிரைவலு தர, அதைவிடச் சிறிய ஒரு லீற்றர் டர்போ எஞ்சின் 120 தருகிறது. எரிபொருளை எரிக்கும் திறன், உள்ளே போகும் ஒட்சிசனின் எடையைப் பொறுத்தது. பெற்றோலைக் கூடுதலாகப் பாய்ச்சுவது எளிது, காற்றைக் கூடுதலாகப் புகுத்துவதுதான் கடினம். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சுழலியைச் சுற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள விசிறிச் சில்லால் புதுக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவது டர்போவின் வேலை. அந்தச் சில்லு நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். வீணாகப் போகும் சக்தியைக் கொண்டு செய்கிற வேலை என்பதால் இலவசமாகத் தோன்றும். அதற்கான விலை வெப்பமாக வருகிறது.

காற்றை அமுக்கினால் சூடாகும். கிழக்குக் கரையில் வாழ்கிறவர்கள் இதை உடம்பாலேயே அறிந்தவர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிட்டு மத்திய மலைநாட்டைத் தாண்டி, ஈரம் இழந்து கிழக்கே இறங்கும்போது, அதுவே ஜூன், ஜூலை மாதங்களில் முகத்தைப் பொசுக்கும் கச்சானாகிறது. மட்டக்களப்பில் அது கடற்காற்றையே பின்தள்ளி வெப்பத்தை 38 பாகை வரை ஏற்றிவிடும். மலையுச்சியில் குளிராக இருந்த காற்றைச் சூடாக்கியது வெயில் மட்டுமே என்றால் கணக்கு உதைக்கும். கீழே இறங்க இறங்க மேலிருக்கும் காற்றின் பாரம் கூடுகிறது, அமுக்கம் கூடுகிறது, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் உலர்ந்த காற்று ஏறத்தாழ பத்துப் பாகை சூடாகிறது. இரண்டு கிலோமீற்றர் இறங்கினால் அமுக்கம் கால் மடங்கு சொச்சம் கூடி, வெப்பம் இருபது பாகை ஏறும். இதை அமுக்கச் சூடேற்றம் என்று அழைப்போம். காற்றின் ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரு கிரிக்கெட் பந்தாக எண்ணிக்கொண்டால் காரணம் விளங்கும்: அசையாமல் பிடித்த மட்டையில் பட்ட பந்து வந்த வேகத்துக்கு மேல் திரும்பாது, முன்னோக்கி வீசும் மட்டையில் பட்டால் வேகம் கூடித் திரும்பும். உள்நோக்கி நகரும் சுவரில் மோதும் மூலக்கூறுகளும் அப்படித்தான் வேகம் பெறுகின்றன. மூலக்கூறுகளின் வேகத்தைத்தான் நாம் வெப்பநிலை என்று அளக்கிறோம்.

டர்போ செய்வது, மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு மணிக்கணக்கில் நடப்பதை ஒரு நொடியின் சிறு துணுக்கில் அதைவிடக் கடுமையாகச் செய்வது. 35 பாகைக் காற்றை எடுத்து, அதன் அமுக்கத்தை 1.8 மடங்காக்குவதாகக் கொள்வோம். சாலைக் கார்களில் இது இயல்பான அளவு. துளியும் வீணில்லாத கருவியாக இருந்தால்கூட 56 பாகை ஏறும். உண்மையான விசிறிச் சில்லு காற்றைக் கலக்கியும் உராய்ந்தும் ஒரு பங்கு உழைப்பை வெறும் சூடாக்கிவிடுகிறது. செயல்திறன் 70 சதவீதம் என்று வைத்தால் ஏற்றம் 80 பாகை. வெளியே வரும் காற்று 115 பாகையில் இருக்கும். நீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டிய காற்றைத்தான் எஞ்சின் சுவாசிக்கப் போகிறது.

கராஜ்களில் அடிக்கடி கேட்கும் ஒரு மறுப்பை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். டர்போவின் ஒரு பக்கம் செந்தணலாகக் காயும் புகை ஓடுகிறது, காற்று சூடாவது அந்தச் சூடு இரும்பு வழியே கடத்தப்படுவதால்தானே, அதைச் சுற்றி ஒரு கவசம் போட்டால் தீராதா என்பது அந்த மறுப்பு. கடத்தல் உண்டு, கவசமும் நல்லதுதான். ஆனால் பெரும்பங்கு அதுவல்ல என்பதற்குச் சான்றுகள் பல. புகையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் பெல்ட்டால் சுற்றப்படும் அமுக்கிகளும் இதே அளவு சூட்டைத் தருகின்றன. மலாய்த் தீவுகளிலும் தென்கிழக்கு ஆசியாவின் பிற இடங்களிலும், ஒரு மூங்கில் அல்லது கொம்புக் குழாயில் உலக்கை போன்ற தண்டைச் சட்டென்று அடித்து உள்ளிருக்கும் பஞ்சைப் பற்றவைக்கும் தீக்கருவி நெடுங்காலம் புழங்கியது; அங்கே நெருப்பு முன்னமே இல்லை, அமுக்கிய காற்றின் சூடு மட்டுமே. இவற்றையெல்லாம்விட எனக்கு அழகாகத் தோன்றும் சான்று ஒலியிலிருந்து கிடைப்பது. நியூட்டன் 1687இல் ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டபோது விடை உண்மையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாக வந்தது. நூற்றாண்டுக்கு மேலாக உறுத்திய அந்தக் குறையை 1816இல் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் தீர்த்தார்: ஒலியலையில் காற்று அமுங்கும்போது சூடாகிறது, அந்தச் சூடு வெளியே கசிய நேரமில்லை, அதனால் காற்று நியூட்டன் எண்ணியதைவிட விறைப்பாக நடந்துகொள்கிறது. அந்தத் திருத்தத்தைச் சேர்த்ததும் கணக்கும் அளவையும் ஒன்றின. கச்சானின் சூட்டையும் டர்போவின் சூட்டையும் முன்கூட்டிச் சொல்லும் விதி இதுவே.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது: டர்போவின் அமுக்கமானி காட்டும் எண்ணை வலுவின் அளவாகக் கொள்வது தவறு. 1.8 மடங்கு அமுக்கம் என்றால் 80 சதவீதம் கூடுதல் காற்று என்று தோன்றும். 115 பாகையில் காற்று விரிந்திருப்பதால் உண்மையில் கூடுதலாகப் புகுவது 43 சதவீதம்தான். பாதிக்குக் கிட்டத்தட்டச் சூடு தின்றுவிட்டது. இதே காற்றை எஞ்சினுக்குள் விடுவதற்கு முன் 51 பாகைக்குக் குளிர்வித்தால், குளிர்விக்கும் கருவிக்குள் நுழைந்து வருவதில் கொஞ்சம் அமுக்கம் குறைந்தாலும், கூடுதல் 66 சதவீதமாகிறது. அமுக்கமானியின் முள் இன்னும் கொஞ்சம் கீழே நிற்கும்; எஞ்சினோ கூடுதலாக மூச்சு விடும். இந்த இடைக்குளிர்விப்பானைத்தான் இன்டர்கூலர் என்கிறோம். மெல்லிய அலுமினியக் குழாய்களுக்குள் சூடான அமுக்கக் காற்று ஓட, குழாய்களுக்கு வெளியே மடிப்புத் தகடுகளுக்கிடையே சாலைக் காற்று வீசிச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். லொறிகளின் பெயரோடு ஒட்டியிருக்கும் டிசிஐசி என்ற எழுத்துகள் டர்போவோடு இன்டர்கூலரும் உண்டு என்பதையே சொல்கின்றன.

இந்தக் கருவி திருகோணமலைக்கு அண்மையில் வந்த புதுமை இல்லை. 1944இல் இந்தத் துறைமுகத்துக்கு மேலே பறந்த விமானங்கள் பல இன்டர்கூலரோடுதான் பறந்தன. அவ்வாண்டு வசந்தத்தில் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையோடு இங்கே சேர்ந்த அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் சரட்டோகாவின் ஹெல்கற் விமானங்களும், இலஸ்ட்ரியஸ் கப்பலின் கோர்செயர் விமானங்களும் காற்றை இரண்டு கட்டமாக அமுக்கும் எஞ்சின் கொண்டவை. இரண்டு கட்டத்துக்கும் இடையில் காற்றைக் குளிர்வித்தன. கோர்செயரின் சிறகுகள் உடலோடு சேரும் இடத்தில் வாய்போல் திறந்திருக்கும் துளைகள் இதற்காகவும்தான். அதே ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி, உப்புவெளியிலிருந்து குடாவைச் சுற்றினால் அதிக தூரமில்லாத சீனக்குடா ஓடுபாதையிலிருந்து 54 பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை நோக்கிக் கிளம்பின. போய்த் திரும்ப 6,000 கிலோமீற்றருக்கு மேல். 39 விமானங்களே இலக்குப் பகுதியை அடைந்தன. பி-29இன் ஒவ்வொரு எஞ்சினுக்கும் இரண்டு டர்போக்கள், ஓர் இன்டர்கூலர். அதன் மடல்களை வேண்டிய அளவு திறந்து மூடுவது விமானப் பொறியாளரின் பொறுப்புகளில் ஒன்று.

விமானங்கள் பறக்கும் உயரத்தில் காற்று ஏற்கெனவே உறைகுளிர்தானே, அதை ஏன் குளிர்விக்க வேண்டும் என்று கேட்கலாம். 9,000 மீற்றர் உயரத்தில் காற்று உறைநிலைக்குக் கீழே 43 பாகையில் இருக்கும். ஆனால் அங்கே அமுக்கம் கடல்மட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கடல்மட்ட அமுக்கத்துக்குக் கொண்டுவர மூன்று மடங்குக்கு மேல் அமுக்க வேண்டும். அக்காலக் கருவிகளின் செயல்திறனோடு கணக்கிட்டால், அந்த உறைகுளிர்க் காற்று கிட்டத்தட்ட 100 பாகையில் வெளியே வரும். அந்த உயரத்தில் குளிர்விக்கும் காற்றாவது குளிராகக் கிடைத்தது. 1944இன் கோடையில் இந்தியத் தளங்களுக்கு வந்த பி-29களின் எஞ்சின்கள் தரையில் ஓடும்போதும் மேலெழும்போதும் சூடேறித் தொல்லை கொடுத்தது பதிவான வரலாறு; அது உருளைத் தலைகளின் சூடு, உள்ளெடுக்கும் காற்றின் சூடு மட்டுமல்ல. ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்றுண்டு. வீசும் காற்றை மட்டும் கொண்டு குளிர்விக்கும் எந்தக் கருவியும் அந்தக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. வெப்பநாட்டில் தரையோடு ஓடும் எஞ்சினுக்கு இதுவே கடக்க முடியாத எல்லை.

இனி முதல் கேள்விக்கு வரலாம். அடர்த்திக் குறைவு மூன்று சதவீதம்தான் என்றால் மிச்ச வலு எங்கே போனது? பதில் எஞ்சினின் உருளைக்குள் இருக்கிறது. தீப்பொறி பற்றியதும் சுடர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். பரவும்போது அது தன் முன்னால் இருக்கும் எரியாத கலவையை மேலும் அமுக்கிச் சூடாக்குகிறது. அந்தக் கடைசிக் கலவை தாங்கும் எல்லையைத் தாண்டினால், சுடர் வந்து சேரும் முன்னே முழுதும் ஒரே கணத்தில் தானாக வெடித்து, உலோகத்தைச் சுத்தியலால் அடித்தது போன்ற ஒலி எழும். இதை நொக்கிங் என்பார்கள். தட்டல் என்று சொல்வோம். ஒருசில தட்டல் பொறுக்கும், தொடர்ந்தால் பிஸ்டன் உடையும். பிரித்தானியப் பொறியியலாளர் ஹரி ரிக்காடோ முதலாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், அமுக்க விகிதத்தை ஓடும்போதே மாற்றக்கூடிய ஒரு சோதனை எஞ்சினைக் கட்டி, எந்த எரிபொருள் எந்த எல்லையில் தட்டுகிறது என்று அளந்து காட்டினார். பின்னாளில் அமெரிக்காவின் வானூர்தி ஆய்வுக்கூடங்கள் எஞ்சின் தலையில் கண்ணாடிச் சாளரம் பொருத்தி, நொடிக்குப் பல்லாயிரம் படங்கள் எடுத்து, அந்தக் கடைசிக் கலவை சுடருக்கு முன்பே பற்றுவதைக் கண்ணுக்குத் தெரிய வைத்தன. நம் பெற்றோல் நிலையங்களில் எழுதியிருக்கும் ஒக்டேன் 92, 95 என்ற எண்கள் இந்தத் தட்டலைத் தாங்கும் வலிமையைத்தான் குறிக்கின்றன.

இங்கேதான் பத்துப் பாகை பெருகுகிறது. உருளைக்குள் பிஸ்டன் கலவையைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும்போது அதன் தனி வெப்பநிலை இரண்டு மடங்குக்கு மேலாகிறது. அதனால் உள்ளே வரும்போது பத்துப் பாகை கூடுதலாக இருந்த கலவை, சுருங்கி முடியும்போது இருபது பாகைக்கு மேல் கூடுதலாக இருக்கிறது. சுடரின் அமுக்கம் அதை இன்னும் ஏற்றுகிறது. தானாகப் பற்றும் வேதிவினைகளோ வெப்பத்துக்கு நேர்விகிதத்தில் வேகம் கொள்வதில்லை, அடுக்கடுக்காக வேகம் கொள்கின்றன. நெடுஞ்சாலை வெயிலில், தார்ச் சாலைக்கு ஓரடி மேலே உள்ள காற்று நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவதைவிடப் பல பாகை சூடாக இருக்கும் என்பதையும் சேர்த்தால், விடியலுக்கும் பிற்பகலுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு பத்துப் பாகையோடு நிற்காது. தட்டலின் எல்லையைத் தொட்ட எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எஞ்சின் உடலில் திருகியிருக்கும் ஒரு சிறு பளிங்கு உணரி அந்த அதிர்வைக் கேட்டதும், கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. போதாவிட்டால் டர்போவின் அமுக்கத்தையும் குறைக்கிறது. தாமதமாகப் பற்றிய கலவை பிஸ்டனை முழு வலுவோடு தள்ளாமல், மிச்சச் சூட்டைப் புகையோடு அனுப்பிவிடுகிறது. ஓட்டுநர் உணரும் சோர்வின் பெரும்பகுதி இந்தத் தற்காப்பு.

அப்படியானால் ஏசி போடுவதால்தான் இழுவை குறைகிறது என்ற விளக்கம் பொய்யா? பொய்யில்லை. ஏசியின் அமுக்கி சில குதிரைவலுவைத் தின்னும்; சிறிய எஞ்சினில், குறைந்த வேகத்தில் அது நன்றாகவே தெரியும். ஆனால் பல கார்களில் அக்ஸிலேட்டரை முழுக்க மிதித்ததும் ஏசியின் அமுக்கி தானாகவே விலகிக்கொள்ளும், அப்போதும் பிற்பகலின் தயக்கம் போவதில்லை. ஏசி செய்யும் பெரிய கெடுதல் வேறு: அறைக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தைக் காரின் முகப்பில் உள்ள கொண்டென்சர் வழியே வெளியேற்றுகிறது. இன்டர்கூலர் அதற்குப் பின்னால் இருந்தால், குளிர்விப்பதற்கு அதற்குச் சூடான காற்றுதான் கிடைக்கிறது. கணினிதான் எல்லாவற்றையும் சமாளிக்கிறதே, நாம் கவலைப்படுவானேன் என்பது இன்னொரு மறுப்பு. கணினி எஞ்சினை உடையாமல் காக்கும், இழந்த வலுவை எங்கிருந்தும் கொண்டுவராது. சில வேளைகளில் நிலையை மோசமாக்கவும் செய்யும்: சூட்டால் காற்றின் எடை குறைந்ததைக் கண்டு, குறித்த அளவை எட்ட டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றும், கூடுதலாக அமுக்கினால் கூடுதலாகச் சூடாகும், அதன் பிறகு தட்டலைத் தவிர்க்கத் தீப்பொறியை இன்னும் பின்தள்ள வேண்டிவரும்.

காற்றைக் குளிராக வைக்க என்ன செய்யலாம் என்பதில் வாகனப் பிரியர்களிடையே ஒரு பொதுவான நம்பிக்கை இருக்கிறது. அதோடு நான் உடன்படவில்லை. எஞ்சின் அறையின் சூட்டுக் காற்றை எடுக்காமல் வெளியிலிருந்து எடுக்கும் விலையுயர்ந்த குழாய்களைப் பூட்டினால் தீர்ந்தது என்பது அந்த நம்பிக்கை. கணக்கைப் பார்ப்போம். வெளியே 35 பாகை. ஓடும் காரில் நல்ல நிலையில் உள்ள இன்டர்கூலர், சூடான காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டில் ஐந்தில் நான்கு பங்கை நீக்கும் என்று கொள்வோம். வெளிக்காற்றையே எடுத்தால் டர்போவுக்குப் பின் 115, இன்டர்கூலருக்குப் பின் 51 பாகை. எஞ்சின் அறையின் 60 பாகைக் காற்றை எடுத்தால் டர்போவுக்குப் பின் 147 பாகை வரை போகும்; ஆனால் இன்டர்கூலருக்குப் பின் 57 தான். உள்ளே எடுக்கும் காற்றில் இருந்த 25 பாகை வேறுபாடு ஆறாகச் சுருங்கிவிட்டது. மாறாக, எடுக்கும் காற்று 35 பாகையாகவே இருந்து, இன்டர்கூலரின் மேல் வீசும் காற்று மட்டும் 50 பாகையானால், எஞ்சினுக்குள் போவது 63 பாகை. உள்ளே போகும் காற்றைவிட, இன்டர்கூலருக்கு வெளியே வீசும் காற்றுதான் முதலில் கவனிக்க வேண்டியது. குளிர்ந்த காற்றை எடுப்பது பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. டர்போவின் உழைப்பு குறையும், மெதுவாக ஊர்ந்து இன்டர்கூலர் சரியாக வேலை செய்யாதபோது அந்த வேறுபாடு 20 பாகையை நெருங்கும். ஆனால் வரிசை இதுதான்.

வரிசை தெரிந்தால் செய்ய வேண்டியவை எளியவை, பெரும்பாலும் செலவில்லாதவை. காரின் முகப்பில் நுழையும் காற்று சுற்றுவழி தேடித் தப்பாமல் இன்டர்கூலரின் தகடுகளுக்குள்ளேயே நுழையும்படி ஓரங்களில் நுரைப்பட்டைகளும் பிளாஸ்டிக் மறைப்புகளும் வைத்திருப்பார்கள். மோதலுக்குப் பிறகு திருத்திய கார்களிலும், பழைய கார்களிலும் முதலில் காணாமல் போவது இவைதான். ரேடியேற்றர் கசியவில்லை என்பதால் யாரும் தேடுவதில்லை. அடியிலுள்ள தட்டு கழன்றிருந்தால், பின்னால் வெளியேற வேண்டிய காற்று தேங்கும். முகப்பில் கூடுதல் விளக்குகள், பெரிய இலக்கத்தகடு, அலங்கார வலை பொருத்தினால் காற்று வழி அடைபடும். கடலோரத்தில் இன்னொன்று: உப்புவெளி, நிலாவெளிக் கரையில் காற்றோடு வரும் உப்பும் நுண்மணலும் தகடுகளின் இடைவெளியில் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். மெல்லிய நீர்ப்பாய்ச்சலால் அவ்வப்போது கழுவிவிட வேண்டும்; உயர் அமுக்கப் பீச்சியால் அடித்தால் தகடுகள் மடிந்து வழி முழுதும் மூடிக்கொள்ளும்.

பெரிய இன்டர்கூலர் பூட்டினால் எல்லாம் சரியாகுமா? ஓரளவுக்கு. குழாய்கள் நீண்டால் உள்ளே அமுக்கம் கூடுதலாக இழக்கப்படும், நிரப்ப வேண்டிய கொள்ளளவு கூடுவதால் மிதித்ததும் கிடைக்கும் துலங்கல் குறையும், பின்னால் உள்ள ரேடியேற்றருக்குக் காற்று கிடைக்காமல் எஞ்சினே சூடேறும். ஆனால் கனமான உலோகத்துக்கு ஒரு நன்மை உண்டு: சிறிது நேரம் சூட்டை உள்வாங்கி வைத்திருக்கும். அதே காரணத்தால், ரயில் கடவையில் நின்று புறப்படும் காரில் அது உள்வாங்கிய சூட்டைத் திருப்பித் தரும். நின்ற காருக்குள் எஞ்சின் அறையின் வெப்பமெல்லாம் உலோகங்களில் ஊறிவிடுகிறது. மீண்டும் ஓடத் தொடங்கிச் சில நிமிடம் காற்று வீசிய பிறகுதான் பழைய இழுவை வரும். கடைசி ஒரு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி நிறுத்தினால், அடுத்த புறப்பாட்டில் அந்த ஊறிய சூடு குறைந்திருக்கும்.

தண்ணீர் தெளிப்பது பழைய யோசனை, நல்ல யோசனை. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று. அதில் இன்டர்கூலர் கிடையாது. தட்டலைத் தடுக்க வடிநீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் பீச்சினார்கள். திரவம் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியை நிரப்ப உரிமையாளர்கள் மறந்தார்கள், காரும் ஓரிரு ஆண்டில் நின்றுபோனது. ஆனால் விதி தவறவில்லை. சுபாருவின் சில கார்களில் இன்டர்கூலரின் மேல் வெளியிலிருந்து நீர் தெளிக்கும் ஏற்பாடு உண்டு. அதன் பயன் காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. கடற்காற்று ஈரமாக வீசும் காலையில் தெளித்த நீர் மெதுவாகவே ஆவியாகும். கச்சான் வீசும் உலர்ந்த பிற்பகலிலோ, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சாதாரண வெப்பமானியைவிடப் பத்துப் பாகைக்கு மேல் கீழே நிற்கும். தேவை மிகுந்த வேளையில்தான் தெளிப்பும் நன்றாக வேலை செய்கிறது. உப்பு கலந்த கிணற்றுநீரை இதற்குப் பயன்படுத்தினால் தகடுகளில் உப்புப் படியும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஈரத்தைப் பற்றிய இன்னொரு கணக்கும் உண்டு: நம் கரையின் புழுக்கமான காற்றில் நூற்றுக்கு மூன்று பங்குவரை நீராவியே இடம்பிடித்திருக்கும், அவ்வளவு ஒட்சிசன் குறையும். ஆனால் நீராவி தட்டலைச் சற்றுத் தள்ளிப்போடுவதால் அந்த இழப்பில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது.

எஞ்சின் தயாரிப்பாளர்களும் இதே சூட்டோடுதான் போராடுகிறார்கள். பெற்றோலை உள்ளெடுப்புக் குழாயில் தெளிக்காமல் நேராக உருளைக்குள் பாய்ச்சினால், அது ஆவியாகும்போது உலோகத்தைக் குளிர்விக்காமல் கலவையையே குளிர்விக்கிறது. இன்றைய சிறு டர்போ எஞ்சின்கள் பல இப்படித்தான் பிழைக்கின்றன. வோல்க்ஸ்வாகன் போன்றோர் இன்டர்கூலரை முகப்பிலிருந்து எடுத்து, நீரால் குளிர்வித்து, எஞ்சினின் உள்ளெடுப்புக் குழாய்க்குள்ளேயே வைத்துவிட்டார்கள். நீர் நிறைய வெப்பத்தைத் தாங்கும், குழாய்கள் குறுகும், மிதித்ததும் பதில் விரைவாகக் கிடைக்கும். ஆனாலும் அந்த நீர் கடைசியில் முகப்பிலுள்ள ஒரு ரேடியேற்றரில்தான் ஆற வேண்டும், அதே சாலைக் காற்றில். இன்னொரு வழி இன்னும் நுட்பமானது. உருளைக்குள் நடக்கும் அமுக்கத்தின் சூட்டை எங்கேயும் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. டர்போவில் நடக்கும் அமுக்கத்தின் சூட்டை இன்டர்கூலரில் கொட்டலாம். ஆகவே வால்வை மூடும் நேரத்தை மாற்றி, உருளைக்குள் அமுக்குவதைக் குறைத்து வெளியே அமுக்குவதைக் கூட்டினால், மொத்த அமுக்கம் அதேதான், சூடு குறைவு. மில்லர் சுழற்சி எனப்படும் இந்த முறையின் பயன் முழுவதும் இன்டர்கூலரின் தலையில் நிற்கிறது.

டீசல் வான்களுக்கும் லொறிகளுக்கும் தட்டல் இந்த வடிவில் தொல்லை இல்லை. அமுக்கச் சூட்டில் தானாகப் பற்றுவதே அவற்றின் வேலை. அங்கே சூடான காற்றின் கெடுதல் ஒட்சிசன் குறைவாகவும், அதனால் கரும்புகையாகவும், டர்போவின் சுழலியை வருத்தும் புகைச் சூடாகவும் வரும். மருந்து ஒன்றே.

தன் காரில் இதில் எது நடக்கிறது என்று அறிய விரும்புகிறவர் ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனைத் துளையில் பொருத்தும் மலிவான ஒரு கருவி, உள்ளெடுப்புக் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியில் காட்டிவிடும். சில கார்களில் அந்த எண் காற்று வடிகட்டிக்கு அருகிலுள்ள உணரியிலிருந்து வரும், சிலவற்றில் இன்டர்கூலருக்குப் பின்னாலுள்ள உணரியிலிருந்து வரும். எது என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நமக்கு வேண்டியது இரண்டாவது. நிலாவெளி வீதியில் சீரான வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடிய பின் அது வெளிக்காற்றைவிடப் பதினைந்து, இருபது பாகைக்குள் நின்றால் இன்டர்கூலர் தன் வேலையைச் செய்கிறது. முப்பது, நாற்பது பாகை மேலே நின்றால், புதுக் குழாய்களுக்கும் கூடுதல் அமுக்கத்துக்கும் காசு செலவழிக்கும் முன் முகப்புக் கம்பிவலையைக் கழற்றி, தகடுகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.